ரயில்வே குவார்ட்டர்ஸ் விடுமுறை: வாசகர் கேள்விகள், பதில்கள்

முழுப்பரீட்சை முடிந்ததும் ரயில்வேயில் வேலை பார்த்த மாமா, சித்தப்பா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கியவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். அந்த வயதில் பார்த்ததும் புரியாமல் போனதுமாக அவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

என் மாமா மானாமதுரை பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். நிற்காத ரயில் வரும்போது பாயிண்ட்ஸ்மேன் ஒரு பெரிய வளையத்தை நீட்டுவார். டிரைவர் அதைக் கையில் கோத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த வளையத்தைக் கீழே போடுவார். வளையத்தில் தோல் பை, பைக்குள் இரும்பு உருண்டை. ஒரு உருண்டைக்கு ஏன் அத்தனை ஆர்ப்பாட்டம்?
வாசகர், பரமக்குடி

வளையம் பிடித்துக்கொள்வதற்குத்தான். விஷயம் முழுக்க உருண்டையில் இருக்கிறது.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரெதிரே இரண்டு புறப்பட்டுவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது. அந்த ஒரு ரயிலுக்கு உரிய அனுமதிதான் அந்த உருண்டை. ரயில்வேக்காரர்கள் அதை டோக்கன் என்பார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது, சிக்னல் இறங்கியிருந்தாலும் கூடாது.

மாமாவின் அறையில் கனமான இரும்புக் கருவிகள் இரண்டு இருந்திருக்கும், இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒன்று, அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒன்று. நீல்ஸ் பால் டோக்கன் கருவி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஸ்டேஷனில் ஒரு ஜோடி உண்டு, இரண்டையும் கம்பி இணைக்கும். ரயிலை அனுப்பும் முன் மாமா மணி அடித்து அடுத்த ஸ்டேஷன்காரரைக் கூப்பிடுவார். போனில் ரயில் எண்ணைச் சொல்லி லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்பச் சம்மதம், கேட்பார். அவர் தன் பக்கம் லைன் காலியா, முன்னால் போன ரயில் முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுச் சம்மதிப்பார். வாயால் சம்மதித்தால் மட்டும் எதுவும் நடக்காது. அவர் தன் கருவியின் கைப்பிடியை 'ரயில் வருகிறது' என்ற நிலைக்குத் திருப்பி, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இங்கே முள் ஒரு பக்கம் சாயும். அப்போது மாமா தன் கைப்பிடியை 'ரயில் போகிறது' பக்கம் திருப்பினால் கீழே ஒரு உருண்டை வந்து விழும்.

விழுவது ஒன்றே ஒன்று. இரண்டு கருவிகளுக்குள்ளும் எத்தனை உருண்டைகள் மிச்சம் இருந்தாலும், வெளியே போனது ஏதாவது ஒரு பக்கம் திரும்ப உள்ளே விழும்வரை அடுத்தது வராது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டரும் இரண்டாவது ரயிலுக்கு உருண்டை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. மனிதன் தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு நடக்க இடமே தராமல் செய்த கருவி இது. நம் ஊர்ப் பாதைகளில் இதற்கு இணையாக மதிக்கத் தக்க பொருள் வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு ஸ்டேஷன்களின் குறியெழுத்தும் வரிசை எண்ணும் வெட்டியிருக்கும். டிரைவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேகம் பிடிப்பார். ஒரு பகுதியின் உருண்டை அடுத்த பகுதிக் கருவிக்குள் நுழையாதபடி அமைப்பும் மாறும்.

வளையம் பெரிதாக இருந்ததற்குக் காரணம் கை. ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு இரும்பு உருண்டையை உள்ளங்கையில் வாங்க முடியாது. வளையமாக இருந்தால் முழங்கையை மடக்கி நீட்டினால் போதும், அது தானாகத் தோள்வரை ஏறிவிடும். அதனால்தான் டிரைவரும் வேகத்தைக் குறைப்பார். வளையம் கையில் சிக்காமல் விழுந்தால் ரயில் நின்றே ஆகவேண்டும், ஒருவர் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுக்க வேண்டும். தோல் பையின் வார் அறுந்து உருண்டை கருவேல முள்ளுக்குள் உருண்டால் ஊரே தேடும். கிடைக்காவிட்டால் அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, இரண்டு மாஸ்டர்களும் போனில் பேசி, பேச்சை உறுதிப்படுத்தும் ரகசிய எண்ணான பிரைவேட் நம்பரைப் பரிமாறிக்கொண்டு, காகிதத்தில் லைன் கிளியர் எழுதிக் கொடுத்துத்தான் ரயில்களை விடுவார்கள். ஒவ்வொரு ரயிலும் தாமதமாகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு திசையில் அதிக ரயில்கள் போனால் ஒரு பக்கக் கருவி காலியாகும், மறுபக்கம் நிரம்பி வழியும். அப்போது சிக்னல் மெயின்டெய்னர் சாவியோடு வந்து, கருவியைத் திறந்து, எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டு உருண்டைகளை இடம் மாற்றுவார். டிராலியில் வந்து பையோடு திரும்பும் அந்த ஆளை நீங்கள் பார்த்திருக்கக் கூடும்.

மத்தியானத்தில் கைகாட்டி சிக்னல் சரியாக இறங்கவில்லை என்று பெரியப்பா கத்துவார். காலையில் இறங்கிய கைகாட்டிக்கு மத்தியானம் என்ன ஆகும்? அதன் விளக்கின் பச்சைக் கண்ணாடி கிட்டே போனால் நீலமாக இருந்தது ஏன்?
வாசகி, விருதுநகர்

வெயில்தான். ஸ்டேஷனில் லீவரை இழுத்தால், கப்பிகள் மேல் ஓடும் கம்பி கைகாட்டியை இறக்கும். கம்பி 500 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் கம்பியின் சூடு 20 டிகிரி கூடினால், இரும்புக் கம்பி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் அந்த 12 சென்டிமீட்டர் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும், கை அரைகுறையாகத் தொங்கும். கை முழுசாக இறங்காத கைகாட்டியை டிரைவர் சிவப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே ரயில் வெளியே நின்று கூவும். இதற்காகவே கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் லீவர் அருகே ஒரு திருகு அமைப்பு இருக்கும். காலையில் ஒரு திருகு, மத்தியானம் ஒரு திருகு என்பது அங்கே அன்றாட வேலை.

மத்தியானத்தைவிட ராத்திரிதான் பயப்பட வேண்டிய நேரம். பகலில் இறுக்கியதைத் தளர்த்தாமல் விட்டால், குளிரில் கம்பி சுருங்கி, யாரும் இழுக்காமலே கையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். கம்பி அறுந்துபோனால் கவலை குறைவு, எடைக்கட்டி கையை மேலே தூக்கி 'நில்' நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

விளக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரியும். அதன் முன்னால் நீலம் கலந்த கண்ணாடியை வைத்தால்தான் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும். கைகாட்டியின் பச்சைக் கண்ணாடி கிட்டே போய்ப் பார்த்தால் நீலமாக இருந்ததன் காரணம் அதுதான். விளக்கின் பின்புறம் சின்னதாக ஒரு வெள்ளை ஒளி ஸ்டேஷன் பக்கம் தெரியும். அதைப் பார்த்துத்தான் விளக்கு அணையவில்லை என்று பெரியப்பா தெரிந்துகொள்வார். கை இறங்கினால் அந்த வெள்ளை ஒளி மறையும்.

தண்டவாளச் சத்தத்தை எண்ணி ரயிலின் வேகத்தைச் சொல்லலாம் என்று சித்தப்பா எங்களை உட்கார்த்தி வைப்பார். உண்மையா, எங்களைச் சும்மா இருக்க வைக்கச் செய்த தந்திரமா?
வாசகர், திண்டுக்கல்

உண்மைதான். மீட்டர்கேஜில் ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 12 மீட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒரு முறை தட்டும். 43 விநாடிகளில் எத்தனை தட்டு கேட்கிறதோ, வேகம் மணிக்கு அத்தனை கிலோமீட்டர். அகலப்பாதையில் துண்டு 13 மீட்டர், அங்கே 47 விநாடிகள் எண்ண வேண்டும்.

பிள்ளைகள் பெரும்பாலும் இரட்டிப்பாக எண்ணிவிடுவார்கள். பெட்டியின் ஒரு முனையில் இரண்டு அச்சுகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே இணைப்பில் 'தட-தட்' என்று இரண்டு தட்டு வரும். அந்த ஜோடியை ஒன்றாக எண்ண வேண்டும். பெட்டியின் கோடியில், சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தால் குழப்பம் குறையும். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு முனைச் சத்தமும் கலந்து கேட்கும்.

இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டதால் இந்தக் கணக்கு நடக்காது. பேரப்பிள்ளைகளோடு போகும்போது மின்கம்பங்களைப் பாருங்கள். 412/7 என்று எழுதியிருந்தால் 412 என்ற கிலோமீட்டரின் ஏழாவது கம்பம். 412/1 கடந்ததிலிருந்து 413/1 கடக்கும்வரை விநாடிகளை எண்ணி, 3600-ஐ அதனால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 45 விநாடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிள்ளை செல்போனைக் கீழே வைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

பகல் முழுக்க மாமா தூங்குவார். சத்தம் போட்டால் அத்தை அடிக்க வருவார். அப்படி என்ன வேலை அது?
வாசகி, மயிலாடுதுறை

சின்ன ஸ்டேஷன்களில் ஒருவருக்கு 12 மணி நேர டியூட்டி இருந்தது. ரயில்கள் குறைவு, இடையிடையே ஓய்வு உண்டு என்று கணக்கிட்டு, அத்தகைய வேலையைத் தனி வகையாக வைத்தார்கள். பணியிடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குவார்ட்டர்ஸ் உள்ளவர்களுக்கு வாரம் 72 மணி நேரம் வரை. குவார்ட்டர்ஸ் ஸ்டேஷனை ஒட்டியே இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ராத்திரி டியூட்டி பார்த்தவர் பகலில் தூங்காவிட்டால் அடுத்த ராத்திரி மணிச் சங்கேதம் தவறும். அத்தை விரட்டியது சரியே.

மாமாவுக்கு இலவச பாஸ் இருந்தும் எங்களுக்கு டிக்கெட் எடுத்துத்தான் கூட்டிப்போனார். கஞ்சத்தனம் என்று நினைத்தோம்.
வாசகர், விழுப்புரம்

டிக்கெட் எடுத்ததே அவர் நேர்மை. பாஸ் விதிகளில் குடும்பம் என்றால் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்கு உட்பட்ட மகன்கள், மணமாகாத மகள்கள். அவரையே நம்பி வாழ்ந்தால் விதவைத் தாய், மணமாகாத சகோதரி போன்ற சிலரும் சேரலாம். அக்கா, தங்கை பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்கள் பெயரை எழுதிப் பாஸ் வாங்கியிருந்தால் துறை நடவடிக்கைதான்.

இதே விதிகள் பி.டி.ஓ. எனப்படும் சலுகைச் சீட்டுக்கும். மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போகலாம், ஆட்கள் அதே பட்டியலுக்குள்தான். இன்று 5 வயதுக்குக் கீழ் தனி இருக்கை கேட்காத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்து, முன்பதிவில் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் 21 முதல் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. பேரப்பிள்ளைக்குப் பதிவு செய்யும்போது இந்த இடத்தில் தவறாமல் பார்த்து டிக் செய்யுங்கள்.

சித்தப்பா ரயிலில் கார்டு வேலை பார்த்தார். டியூட்டிக்குக் கிளம்பும்போது போர்ட்டர் ஒரு கனமான பெட்டியைத் தூக்கிப்போவார். எங்களைத் தொடவே விடமாட்டார். அதில் என்ன இருந்தது? ரயிலின் கடைசிப் பெட்டியில் எல்.வி. என்ற பலகை எதற்கு?
வாசகி, ஜோலார்பேட்டை

சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, மூவண்ணக் கை விளக்கு, விசில், முதலுதவிப் பொருள்கள், விதிப் புத்தகம், வேலை நேர அட்டவணை, பின்புறம் மாட்டும் சிவப்பு விளக்கு. கண்ணாடி போடுபவராக இருந்தால் மாற்றுக் கண்ணாடி ஒன்று. இவற்றோடு தகர டப்பாவில் வெடிகளும். தொடவிடாததற்குக் காரணம் அந்த வெடிதான். தண்டவாளத்தின் மேல் கட்டி வைத்தால் சக்கரம் ஏறும்போது பலமாக வெடிக்கும், முன்னால் ஆபத்து என்று டிரைவருக்குத் தெரியும். சின்ன வட்டத் தகரம் மாதிரி இருப்பதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கை போய்விடும். பழைய ரயில்வேக்காரர் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடைத்தால் திறக்கவோ அசைக்கவோ வேண்டாம், ரயில்வே போலீசுக்குச் சொல்லுங்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் எல்.வி. பலகையையும் கேட்டிருந்தீர்கள். கடைசி வண்டி என்று பொருள். ரயில் கடந்ததும் ஸ்டேஷன் ஆள் அதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாக வந்தது உறுதியாகும். பலகை இல்லையென்றால் நடுவழியில் சில பெட்டிகள் கழன்று நிற்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அதனால் பின்னால் வரும் ரயிலுக்கு லைன் கிளியர் கிடைக்காது. முதல் கேள்வியில் 'முழுசாக வந்து சேர்ந்ததா' என்று எழுதியிருக்கிறோமே, அதைப் பார்ப்பது இப்படித்தான். கார்டு என்ற பதவிக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர்.

நாங்கள் தண்டவாளத்தில் காது வைத்து ரயில் வருவதைக் கேட்போம், பத்துப் பைசா வைத்து நசுக்குவோம். பேரன் அதைச் செய்து காட்டச் சொல்கிறான்.
வாசகர், தென்காசி

வேண்டாம். அந்தக் காலத்து மீட்டர்கேஜ் ரயில் மெதுவாக வந்தது, புகையும் விசிலும் முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று 110 கிலோமீட்டர் வேக ரயில் ஒரு விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் வரும். வளைவுக்கு அப்பால் 300 மீட்டரில் தெரிந்தால் உங்களுக்குப் பத்து விநாடிகூட இல்லை. மின்சார எஞ்சினுக்குப் பெரிய சத்தமும் கிடையாது. இரும்பில் சத்தம் காற்றைவிடப் பதினைந்து மடங்கு வேகமாக வரும் என்பது பாடத்தில் சரி. அதை வாசல் கேட் இரும்புக் கம்பியில் ஒரு முனையில் தட்டி, மறுமுனையில் காது வைத்துக் காட்டுங்கள்.

நாணயமோ கல்லோ வைத்தால் சக்கரத்தின் அடியிலிருந்து தெறித்து நிற்பவர் மேல் பாயும். ரயில்வே பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதே 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தாத்தா எங்கெங்கே வேலை பார்த்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவருடைய பழைய அட்டை டிக்கெட்டுகளும் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றை எப்படி வைப்பது?
வாசகி, கரூர்

பாட்டியின் பென்ஷன் ஆர்டர் நகலை முதலில் எடுங்கள். பி.பி.ஓ. எண் எனப்படும் அந்த ஆர்டரின் எண்ணும் கடைசியாக வேலை பார்த்த இடமும் அதில் இருக்கும். அந்த எண்ணோடு டிவிஷன் அலுவலகத்தின் பெர்சனல் கிளையில், செட்டில்மென்ட் பிரிவுக்கு எழுதினால் சர்வீஸ் ரெஜிஸ்டர் எனப்படும் அவருடைய பணிப் பதிவேடு பற்றிக் கேட்கலாம். இங்கேதான் பலர் வழி தவறுவார்கள். கரூர், ஈரோடு, சேலம் ஆகியவை இன்று சேலம் டிவிஷன். அந்த டிவிஷன் 2007 நவம்பரில்தான் பாலக்காடு, திருச்சி டிவிஷன்களிலிருந்து பிரிந்து உருவானது. தாத்தா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தால் அந்தப் பழைய டிவிஷன்களிலும் கேட்க வேண்டும். 1951-க்கு முன் சேர்ந்தவர் என்றால் தெற்கு ரயில்வே என்ற பெயரே அப்போது இல்லை. சவுத் இந்தியன் ரயில்வே என்றோ, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா என்றோ காகிதத்தில் இருக்கும்.

அவர் இருந்த ஸ்டேஷன் இன்று அதே உருவில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1992-ல் அகலப்பாதைத் திட்டம் தொடங்கிய பிறகு மீட்டர்கேஜ் ஸ்டேஷன்கள் பல மாறிவிட்டன. போடி பாதை 2010-ல் மூடப்பட்டு, தேனிவரை 2022-லும் போடிவரை 2023-லும்தான் திரும்ப ரயில் வந்தது. செங்கோட்டை–புனலூர் 2010-லிருந்து 2018 வரை மூடிக் கிடந்தது. நடைமேடை உயரம், கட்டடம், சிக்னல் எல்லாம் புதுசு. பழைய குவார்ட்டர்ஸ் சுவர்கள் சில இடங்களில் மிச்சம் நிற்கின்றன, ஆனால் அவை ரயில்வே நிலம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். அப்பா இங்கே வேலை பார்த்தார், தாத்தா வேலை பார்த்தார் என்று சொன்னால் பெரும்பாலும் அன்பாகவே பேசுவார்கள். ரயில் வரும் நேரம் பார்த்துக் கேட்காதீர்கள், அவர் கை வேலையில் இருக்கும்.

டிக்கெட்டுகளை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் அட்டை பழுப்பாகும், அச்சடித்த தேதிக் குழிவு தட்டையாகும். செல்லோடேப் பசை சில வருடங்களில் பழுப்பாகி அட்டைக்குள் இறங்கும், அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. ரப்பர் பேண்டை இன்றே கழற்றுங்கள், வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். தபால்தலை ஆல்பத்தில் வரும் ஒட்டாத பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாக நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலால் தனித்தாளில் எழுதுங்கள், டிக்கெட் மேல் எழுத வேண்டாம். இரும்பு பீரோவில், சமையலறைச் சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். அந்துருண்டையைப் பக்கத்தில் போடாதீர்கள்.

எஞ்சின்களையும் பழைய ரயில்வேப் பொருள்களையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்து ரயில் அருங்காட்சியகமும், திருச்சி ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கரூரிலிருந்து திருச்சிதான் கிட்ட. கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், வார விடுமுறை நாளில் போய்த் திரும்பி வருபவர்கள் அதிகம்.